எடை குறைப்போர் வகைநூல்

பாயிரம்

எதையும் வகை பிரித்துப் பார்க்காவிட்டால் நமக்குத் தூக்கம் வராது. எழுத்தை வகுத்தோம், சொல்லை வகுத்தோம், நிலத்தை ஐந்தாகப் பிரித்தோம், வாழைப்பழத்தில்கூடப் பூவன், ரஸ்தாளி, கற்பூரவல்லி என்று கோடு போட்டோம். ஆனால் தெருவுக்குப் பத்துப் பேராவது ஈடுபட்டிருக்கும் எடை குறைத்தல் என்னும் பெருந்தொழிலுக்கு மட்டும் இன்னும் ஒரு வகைநூல் இல்லை. அந்தக் குறையைப் போக்கவே இந்நூல் செய்யப்பட்டது.

முன்னோர் முயலவில்லையா எனின், முயன்றனர். ஆயுர்வேதத்தின் சரக சங்கிதை இகழ்ச்சிக்கு ஆளாகும் உடல்கள் எட்டு என்று பட்டியலிட்டது. மிக நெட்டை, மிகக் குட்டை என்று தொடங்கும் அந்த எட்டில் மிகப் பருத்தவனும் மிக இளைத்தவனும் உண்டு. இந்த இருவருள் இளைத்தவனே தேவலை, பருத்தவனுக்கு மருத்துவம் பார்ப்பது கடினம் என்று தீர்ப்பும் சொன்னது. நம் கிராமத்துப் பழமொழி இன்னும் சுருக்கம். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு. ஆள் இரண்டு வகை, தானியம் இரண்டு வகை, வேலை முடிந்தது. பெல்ஜியத்தில் அடால்ஃப் கெட்லே என்ற வானியலார், நட்சத்திரங்களை அளந்த கையோடு மனிதர்களையும் அளந்து, 1832-ல் எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் கணக்கை வெளியிட்டார். அமெரிக்காவின் ஆன்செல் கீஸ் 1972-ல் அதற்கு உடல் நிறை குறியீடு என்று பெயர் வைத்தார். இன்று நாம் பி.எம்.ஐ. என்று சொல்லி முகம் சுளிப்பது அதைத்தான்.

இவர்கள் எல்லாரும் உடலை வகுத்தார்களே தவிர, உடலைக் குறைக்கக் கிளம்பியவர்களை வகுக்கவில்லை. அதுவே இந்நூலின் பொருள்.

இதற்கு இப்போது என்ன அவசரம் எனின், தேசிய குடும்ப நல ஆய்வின் கணக்கைக் காண்க. 2015-16-ல் தமிழ்நாட்டுப் பெண்களில் 30.9 சதவீதம் பேர் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். 2019-21-ல் அது 40.4 ஆயிற்று. ஆண்கள் 28.2-லிருந்து 37.0-க்கு வந்தார்கள். நாடு முழுவதற்குமான சராசரி அப்போது பெண்களுக்கு 24.0, ஆண்களுக்கு 22.9. ஆக, படிப்பிலும் தொழிலிலும் முன்னிற்கும் மாநிலம் இதிலும் பின்தங்கவில்லை.

இந்நூல் கேட்பதற்குத் தகுதியுடையோர் மூவர். போட்டோ எடுக்கும்போது மூச்சை உள்ளிழுத்து வயிற்றை மறைப்போர் ஒருவர். பழைய கல்யாணச் சட்டையை என்றாவது போட்டுக்கொள்ளலாம் என்று பீரோவில் வைத்திருப்போர் இன்னொருவர். "திங்கக்கிழமையிலேருந்து ஆரம்பிச்சுடறேன்" என்று ஒருமுறையேனும் சொன்னோர் மூன்றாமவர். நூலின் பயன் யாதெனின், படிப்பதால் எடை குறையாது. எவ்வழியில் குறையாது என்பது மட்டும் விளங்கும்.

1. அளவையியல்

அளவைகள் மூன்று: தராசு, குறியீடு, டேப்பு.

தராசால் அளப்பதற்கு முதல் ஆசான் இத்தாலியின் சான்டோரியோ. தராசில் தொங்கும் நாற்காலி ஒன்றைச் செய்து, அதில் உட்கார்ந்தே உண்டு, உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று சுமார் 30 ஆண்டுகள் கணக்கெழுதி, 1614-ல் நூலாக வெளியிட்டார். நம்மூர் மரபில் இவ்விடத்தை வகித்தது ரயில்வே ஸ்டேஷன் எடை மெஷின். விளக்குகள் மின்னும், சக்கரம் சுழலும், காசு போட்டால் தடித்த சின்ன அட்டை ஒன்று விழும். அதில் எடையும் இருக்கும், வரப்போகும் பலனும் இருக்கும். "உமது நற்குணத்தால் நண்பர்கள் பெருகுவர்" என்கிற மாதிரி ஒரு வரியைப் படித்துவிட்டு, அச்சிட்டிருந்த கிலோவை மறந்து ரயிலேறியவர்கள் நம் பெற்றோர். இன்று வீட்டுக்கு வீடு டிஜிட்டல் தராசு வந்துவிட்டது. பலன் சொல்லும் பகுதியை மட்டும் கம்பெனிக்காரர்கள் விட்டுவிட்டார்கள்.

தராசேறுவோரின் ஒழுக்கம் தனி. செருப்பைக் கழற்றுவர், பர்ஸையும் செல்போனையும் வெளியே வைப்பர், சிலர் கைக்கடிகாரத்தையும் அவிழ்ப்பர். முதல் வாரத்தில் இரண்டு கிலோ குறைந்தால் தெருவெல்லாம் சொல்வர். அது கொழுப்பன்று, பெரும்பாலும் தண்ணீர் என்க. உடல் மாவுச்சத்தை ஈரலிலும் தசையிலும் கிளைக்கோஜனாகச் சேர்த்துவைக்கிறது. ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் நீரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. சாப்பாட்டைச் சட்டென்று குறைத்தால் முதலில் கரைவது இந்தக் கையிருப்பு. பழைய சாப்பாட்டுக்குத் திரும்பினால் தண்ணீரும் தவறாமல் திரும்பிவிடும்.

குறியீட்டுக்கு வருவோம். 165 சென்டிமீட்டர் உயரமும் 70 கிலோ எடையும் உள்ள ஒருவரை எடுத்துக்கொள்க. குறியீடு 25.7. உலகப் பொது அளவின்படி இவர் 'அதிக எடை' வகுப்பு. பருமன் 30-க்கு மேல்தான். ஆனால் இந்திய மருத்துவர்கள் 2009-ல் கூடி நம் உடலுக்கென்று வகுத்துக்கொண்ட அளவின்படி 23-லேயே அதிக எடை, 25-லேயே பருமன். எனவே நம்மவர் லண்டனுக்கு விமானம் ஏறினால் ஒரு வகுப்பு இறங்குவார், மீனம்பாக்கத்தில் இறங்கினால் ஒரு வகுப்பு ஏறுவார்.

இப்படிப் பாரபட்சம் காட்டுவானேன் எனின், அதற்கு ஒரு புகைப்படம் சான்று. 2004-ல் லான்செட் இதழில் புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நின்ற படம் வந்தது. இருவருக்கும் குறியீடு ஒன்றே: 22.3. ஆனால் யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடலில் 21.2. பார்ப்பதற்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு என்னும் இந்திய உடலுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடையாது. நம் கொழுப்பு கையிலும் தொடையிலும் பரவுவதைவிட வயிற்றுக்குள் ஈரலைச் சுற்றிக் குடியேறுவதில் ஆர்வம் காட்டுகிறது. சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் அவ்வழியே வருகின்றன.

ஆகவே மூன்றாம் அளவையான தையற்காரர் டேப்பே நமக்கு ஏற்றது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் சுற்றி, மூச்சை இயல்பாக வெளியே விட்ட பிறகு படிக்க வேண்டும். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. அதைத் தொட்டுவிட்டால் எச்சரிக்கை. "என் பேன்ட் சைஸ் காலேஜ்லேருந்து 34 தான்" என்று வாதிடுவோர் உண்டு. பேன்ட் மாறவில்லை என்பது மெய்யே. அது நிற்கும் இடம்தான் ஆண்டுதோறும் ஓர் அங்குலம் கீழே இறங்கித் தொப்பைக்கு அடியில் தஞ்சம் புகுந்திருக்கிறது. தொப்பையின் மேல் அளப்பதே அளவு என்க.

2. பொழுதியல்

எடை குறைத்தலுக்குரிய பெரும்பொழுது நான்கு.

முதலாவது ஜனவரி. ஜிம்மில் ஆண்டுச் சந்தா கட்டும் காலம். மார்கழிக் கச்சேரி கேன்டீன்களின் போண்டாவும் கீரை வடையும் உடம்பில் ஏறிய பிறகு, பொங்கலின் சர்க்கரைப் பொங்கல் வருவதற்கு முன்பு கிடைக்கும் குறுகிய இடைவெளி. இரண்டாவது முகூர்த்தத்துக்கு முந்தைய மாதம். இது மணமக்களுக்கும், அவர்களைவிடத் தீவிரமாக அவர்களின் சித்தி, அத்தைகளுக்கும் உரியது. ரவிக்கை தைக்கக் கொடுத்த தேதியிலிருந்து முகூர்த்த நாள் வரை விரதம் நீடிக்கும். பந்தியில் முதல் ஜிலேபி விழுந்தவுடன் முடியும். மூன்றாவது தீபாவளிக்கு மறுவாரம். இது குற்றவுணர்வுக்குரிய பொழுது. நான்காவது மாஸ்டர் ஹெல்த் செக்கப் ரிப்போர்ட் வரும் நாள். அச்சத்துக்குரிய இப்பொழுதே நான்கிலும் வலியது.

சிறுபொழுது ஒன்றே: திங்கட்கிழமைக் காலை. செவ்வாயன்று தொடங்கியவரை எவரும் கண்டதில்லை.

விரத நாட்களை எதில் அடக்குவது எனின், ஏகாதசிக்கு அரிசிச் சோறு கிடையாது, ஆகவே பலகாரம். பலகாரமாவது உப்புமா, அடை, அதற்குத் தொட்டுக்கொள்ள வெல்லம். வழக்கமான நாளைவிட அன்று வயிற்றுக்கு வேலை அதிகம் என்பதால், அவ்விரதங்களைப் பக்தி நூலார் வசம் விட்டுவிடுகிறோம்.

3. வகையியல்

எடை குறைப்போர் அறுவகையர்: தொடங்குநர், நடைஞர், விலக்குநர், பொடியர், கடிகாரர், ஊசியர்.

தொடங்குநர்

இவர் தொடங்குவதையே தொழிலாகக் கொண்டவர். புது ஷூ, புது பாட்டில், புது செயலி, ஒரு டயரி. டயரியின் முதல் மூன்று பக்கங்களில் இட்லியின் எண்ணிக்கைவரை துல்லியம். நான்காம் நாள் அலுவலகத்தில் யாருக்கோ பிறந்தநாள். கேக்கை மறுத்தால் மனம் புண்படுமே என்று ஒரு துண்டு. "இன்னிக்குக் கெட்டாச்சு, இனிமே திங்கக்கிழமைதான்" என்று மாலையில் பிரியாணி. இவரைக் கெடுத்தது கேக் அன்று என்க. ஒரு துண்டு கேக்கால் ஒரு நாளே கெட்டது என்றும், ஒரு நாள் கெட்டால் வாரமே கெட்டது என்றும் போட்ட கணக்குதான் கெடுத்தது.

நடைஞர்

இவர் மெரினா, லஸ் நாகேஸ்வரராவ் பூங்கா, பெசன்ட் நகர் கடற்கரை முதலிய இடங்களில் விடியலில் காணப்படுவர். 2023 நவம்பரில் அரசே மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை வகுத்துக் கொடுத்த பிறகு மாநிலமெங்கும் பெருகினர். உட்பிரிவு மூன்று. பேசிநடப்போர் அரசியல் பேசுவர். விவாதம் சூடேறினால் நின்றுவிடுவர். அதனால் தேர்தல் காலத்தில் இவர்கள் நடப்பது குறைவு. கைவீசிநடப்போர் பிறர் மேல் படுவர். எண்ணிநடப்போர் 10,000 அடி நிறையாவிட்டால் இரவு பத்து மணிக்கு ஹாலுக்கும் சமையலறைக்கும் இடையே உலவுவர்.

10,000 என்னும் எண் எந்த மருத்துவ நூலில் உளது எனின், எதிலும் இல்லை. 1965-ல் ஜப்பானியக் கம்பெனி ஒன்று அடியெண்ணும் கருவியை விற்க வைத்த பெயரே பத்தாயிரம் அடி மானி. 2019-ல் அமெரிக்காவில் வயது முதிர்ந்த பெண்களை ஆராய்ந்தபோது, நாளுக்குச் சுமார் 2,700 அடி நடந்தோரைவிட 4,400 அடி நடந்தோரிடமே இறப்பு விகிதம் நன்றாகக் குறைந்திருந்தது. 7,500-க்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. எனவே நாலாயிரத்தில் நின்றுவிட்டவர் மனம் தளர வேண்டியதில்லை.

நடைஞருக்குரிய இடர் பூங்கா வாசலில் நிற்கிறது. முதலில் அருகம்புல் சாறு, வாழைத்தண்டு சாறு, கொள்ளுக் கஞ்சி வண்டி. அதைத் தாண்டினால் முக்கில் ஓட்டல். எழுபது கிலோ ஆள் ஒரு மணி நேரம் சுறுசுறுப்பாக நடந்தால் செலவாவது சுமார் 250 கலோரி. இரண்டு மெதுவடையும் சர்க்கரை போட்ட ஒரு காபியும் அந்தக் கடனை அங்கேயே தீர்த்துவிடும். "நடந்துட்டுத்தானே சார் வந்தோம், ஒண்ணு சாப்பிட்டா என்ன?" என்று ஒருவர் கேட்க, "ரெண்டா சொல்லுங்க" என்று மற்றவர் சொல்லக் கேட்கலாம். நடப்பதால் பயனில்லையோ எனின், இதயத்துக்கும் சர்க்கரைக்கும் தூக்கத்துக்கும் மனசுக்கும் பெரும்பயன் உண்டு. எடையை இறக்குவதில் தட்டுக்கே பெரும்பங்கு. இறங்கிய எடையைப் பிடித்துவைப்பதில்தான் நடைக்குப் பெரும்பங்கு.

விலக்குநர்

ஒரு பொருளைப் பகையாக அறிவித்து அதை மட்டும் விலக்குவோர். இவர்களுக்கு ஆதி குரு லண்டனின் வில்லியம் பான்டிங். அரச குடும்பத்து ஈமச்சடங்குகளை நடத்திக்கொடுத்த நிறுவனத்தார். தம் கால் செருப்பின் கயிற்றைத் தாமே கட்ட முடியாமலும், மாடிப்படியில் பின்புறமாகவே இறங்கியும் அவதிப்பட்டவர். காது கேட்கவில்லை என்று போன இடத்தில் வைத்தியர் ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு, பீர் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். ஓராண்டில் சுமார் 20 கிலோ குறைந்த பான்டிங், 1863-ல் அதைச் சிறு பிரசுரமாக வெளியிட்டார். அது ஊரெல்லாம் பரவியது.

நம் விலக்குநர் இருவகை. இரவில் மட்டும் சோறு விலக்குவோர் முதல்வகை. "நைட்ல ரைஸே தொடறதில்லை, நாலு சப்பாத்திதான்" என்பர். கோதுமையும் மாவுச்சத்தே, நாலு சப்பாத்திக்குப் போட்ட எண்ணெயும் குருமாவின் தேங்காயும் கணக்கில் உண்டு என்று நினைவூட்டினால் நட்பு முறியும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. இரண்டாம் வகை பேலியோவார். முட்டை, பன்னீர், இறைச்சி, காலையில் நெய்யில் வறுத்த 100 பாதாம். அந்த நூறு பாதாமில் சுமார் 700 கலோரி உண்டு என்றாலும் மதியம்வரை பசி எடுக்காது என்பதே அதன் சூட்சுமம். சர்க்கரையும் வெள்ளைச் சோறும் குறைவதால் பலருக்கு நல்ல பலன் கிடைக்கிறது. ஆனால் மச்சினன் கல்யாணப் பந்தியில் இலையை மடித்துவிட்டுக் கைப்பையிலிருந்து பாதாம் எடுத்துத் தின்னும் மனத்திடம் பத்தாண்டுகளுக்குத் தாங்குமா என்பதே வினா. சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரை எடுப்போர் டாக்டரிடம் சொல்லாமல் இவ்வகையில் சேரக் கூடாது. தட்டு மாறினால் மாத்திரையின் அளவும் மாற வேண்டியிருக்கும்.

பொடியர்

உணவில் எதையும் குறைக்காமல், அதன் மேல் ஒன்றைச் சேர்த்து எடை குறைக்க விழைவோர். கொள்ளுப் பொடி, சீரகத் தண்ணீர், வெந்நீரில் தேனும் எலுமிச்சையும், கிரீன் டீ, தெருமுனை மாமி விற்கும் டப்பா ஷேக். இவற்றில் கொள்ளு நல்ல தானியம். புரதமும் நார்ச்சத்தும் உண்டு. ஆனால் அது வயிற்றுக்குள் போய்க் கொழுப்பைத் தேடிப் பிடித்துக் கரைப்பதில்லை. ஒரு மேசைக்கரண்டித் தேனில் 60 கலோரிக்கு மேல் உண்டு என்பதால், அது எடையைக் குறைக்கும் என்பது கடன் வாங்கிக் கடன் அடைப்பது போன்றது. பெயரும் உட்பொருளும் அச்சிடாத பொடிகளில் இவ்வகையினர் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். 1930-களில் அமெரிக்காவில் டைநைட்ரோஃபீனால் என்ற ரசாயனத்தை எடை குறைக்கும் மாத்திரையாக விற்றார்கள். எடையும் குறைந்தது, பார்வையும் உயிரும் சேர்ந்து போயின.

கடிகாரர்

என்ன உண்பது என்பதை விட்டு எப்போது உண்பது என்பதைப் பிடித்துக்கொண்டோர். 16 மணி நேரம் பட்டினி, 8 மணி நேரம் உணவு. பதினாறில் எட்டு தூக்கத்திலேயே கழிவதால் இது எளிது. இரவு பத்தரைக்குப் பரோட்டாவும் பதினொன்றுக்கு ஐஸ்கிரீமும் நின்றுபோவதே இதன் பெரும்பயன். அதற்கு மேலும் கடிகாரத்துக்குத் தனி மகிமை உண்டோ எனின், 2022-ல் சீனாவின் குவாங்ஜோவில் 139 பேரை ஓராண்டு பார்த்தார்கள். அளவைக் குறைத்து உண்டோரும், அதே அளவைக் குறித்த 8 மணி நேரத்துக்குள் உண்டோரும் எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காட்டவில்லை. ஆயினும் "எட்டு மணிக்கு மேல் சமையலறை விளக்கு அணைந்துவிடும்" என்ற ஒரே விதி சிலருக்குப் பத்து விதிகளைவிடக் கைகொடுக்கிறது.

ஊசியர்

புதிய இனம். வயிறு நிறைந்த செய்தியை மூளைக்குச் சொல்லும் ஹார்மோனைப் போன்று வேலை செய்யும் செமாக்ளூட்டைட், டிர்செபடைட் ஊசிகள் எடை குறைப்புக்கென 2025-ல் இந்தியச் சந்தைக்கு வந்தன. செமாக்ளூட்டைட் பெரும் ஆய்வு ஒன்றில் 68 வாரங்களில் சராசரி 15 சதவீத எடையைக் குறைத்தது. ஆகவே இவர்களைச் சோம்பேறிகள் என்பார் அறியாதார். பருமன் ஒரு நோய். நோய்க்கு மருந்து எடுப்பது குற்றமன்று. ஆனால் ஊசியை நிறுத்தியவர்கள் ஓராண்டுக்குள், இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்பப் பெற்றார்கள். வாந்தியும் குமட்டலும் பலருக்கு உண்டு. தகுதி, அளவு, எவ்வளவு காலம் என்பதெல்லாம் டாக்டர் முடிவு செய்ய வேண்டியவை. ஒன்றுவிட்ட சித்தப்பா வாட்ஸ்அப்பில் அனுப்பியதைப் பார்த்து முடிவு செய்வதற்கில்லை. குறியீடு மிக ஏறி, சர்க்கரையும் கூடியவர்களுக்கான அறுவை சிகிச்சையும் இவ்வகையில் அடங்கும்.

இவ்வறுவரும் தனித்தனியே நிற்பதில்லை. நடைஞர் பொடியராவதும், விலக்குநர் தொடங்குநராகத் திரும்புவதும் வழக்கம். ஒரே ஆள் ஒரே ஆண்டில் ஆறு வகையும் சுற்றி வருதலும் உண்டு.

4. கூற்றியல்

எடை குறைப்போன் பேசுவதைவிட அவனைப் பற்றிப் பிறர் பேசுவதே அதிகமாதலின், கூற்றுக்குத் தனி இயல் வேண்டிற்று.

உறவினர் கூற்று இருமுனை. பருத்தால், "என்ன இப்படி ஊதிட்டே?" இளைத்தால், "என்னம்மா இப்படி இளைச்சுட்டே, உடம்புக்கு ஏதாவதா? சுகர் டெஸ்ட் பண்ணியா?" இரண்டுக்கும் நடுவில் ஒரு நிலை இருப்பதாக நம் உறவுமுறையில் எவரும் ஒப்புக்கொண்டதில்லை. ஆறு மாதம் உழைத்துக் கன்னம் ஒட்டிய ஒருவர், ஊருக்குப் போன இரண்டாம் நாளே அத்தையின் கவலையைத் தீர்க்க ஒரு சொம்புப் பாயசம் குடித்துவிட்டு வருவதன் காரணம் இதுவே.

பந்திக் கூற்று: "அரை கரண்டிதான் மாமா, கையை எடுங்க." கரண்டி அரையா முழுதா என்பதைப் பரிமாறுபவரே முடிவு செய்கிறார். நம் வீட்டில் அன்பு கரண்டியால் அளக்கப்படுவதால், வேண்டாம் என்பது உணவை மறுப்பதாகாமல் ஆளையே மறுப்பதாகிவிடுகிறது.

இல்லத்தரசி கூற்று தாழ்ந்த குரலில் வரும்: "ரெண்டு தோசைதான் மிச்சம், வீணாப் போகுமேன்னு நானே சாப்பிட்டேன்." குழந்தை தட்டில் விட்ட பாதி இட்லி, பாத்திரத்தடியில் ஒட்டிய பொங்கல், நேற்றைய குழம்பைத் தீர்ப்பதற்காக இன்று கூடுதலாகப் போட்டுக்கொண்ட சோறு. வீட்டில் எல்லாருக்கும் உணவு தட்டில் வருகிறது. இவருக்கு மட்டும் பாத்திரம் கழுவுமிடத்தில் கிடைக்கிறது. இது டயரியில் ஏறாது, செயலியிலும் ஏறாது. பாயிரத்தில் கண்ட பெண்களின் 40.4 சதவீதத்துக்குக் காரணம் தேடுவோர் இவ்விடத்தையும் சற்று எட்டிப் பார்க்கலாம். பரிகாரம் கூறின், நாளை ஓர் ஆழாக்கு அரிசி குறைத்துப் போடுவதும், எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து உண்பதும் ஆம்.

5. மீட்சியியல்

குறைந்த எடை மீள்வது ஏன்?

மனத்திடம் இல்லாமையால் என்பர் ஒரு சாரார். அது பொருந்தாது. அமெரிக்காவில் எடை குறைப்பை டி.வி. போட்டியாக்கிய 'தி பிக்கஸ்ட் லூசர்' நிகழ்ச்சியில் 30 வாரங்களில் சராசரி 58 கிலோ இறக்கிய 14 பேரை ஆறாண்டு கழித்து ஆராய்ந்து 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். இழந்ததில் சராசரி 41 கிலோ திரும்பி வந்திருந்தது. அதைவிட வியப்பு, அவர்களின் உடல் ஓய்வில் செலவழித்த சக்தி, அந்த உருவத்துக்கு இருக்க வேண்டியதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவு. 2011-ல் மெல்போர்ன் ஆய்வாளர்கள் எடை குறைத்தவர்களின் ரத்தத்தை ஓராண்டுக்குப் பிறகு சோதித்தபோது, பசியைத் தூண்டும் கிரெலின் ஏறியும், போதும் என்று சொல்லும் லெப்டின் இறங்கியும் அப்படியே இருக்கக் கண்டனர்.

இதன் பொருள் யாது? எடை விரைவாக இறங்குவதை உடல் பஞ்சம் என்றே புரிந்துகொள்கிறது. பல தலைமுறைப் பஞ்சங்களைத் தாண்டி வந்த உடல் அது. செலவைச் சுருக்கும், பசியைப் பெருக்கும். எனவே மீண்டும் பருத்தவரைப் பார்த்து வாயைக் கட்டத் தெரியாதவர் என்பது இலக்கணப் பிழை. அவர் தம் பசியோடு மட்டும் போராடவில்லை. மூதாதையர் பசியோடும் போராடுகிறார். மரபணு, இரவுப்பணி, தூக்கமின்மை, சில மாத்திரைகள், மாதவிலக்குக் கோளாறு என்று பல கட்சிகள் எதிரணியில் சேர்ந்திருக்கின்றன.

6. காப்பியல்

எடை குறைப்போரை வகுத்தோம். குறைந்த எடையைக் காப்போரை எவ்வகையில் அடக்குவது?

1994-ல் அமெரிக்காவில் ரீனா விங், ஜேம்ஸ் ஹில் என்ற இருவர், 13.6 கிலோவாவது குறைத்து ஓராண்டாவது காத்தவர்களுக்கென ஒரு பதிவேடு தொடங்கினர். பல ஆயிரம் பேர் பெயர் கொடுத்தார்கள். எடை குறைத்த வழி ஆளுக்கு ஆள் வேறு. காத்த வழியைக் கேட்டால் சலிப்பூட்டும் அளவுக்கு ஒன்றேபோல் இருந்தது. 90 சதவீதம் பேர் நாளுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் உடலை அசைத்தனர், பெரும்பாலும் நடை. 78 சதவீதம் பேர் தினமும் காலை உணவு உண்டனர். 75 சதவீதம் பேர் வாரம் ஒருமுறையாவது தராசேறினர். 62 சதவீதம் பேர் வாரத்துக்கு 10 மணி நேரத்துக்கும் குறைவாக டி.வி. பார்த்தனர். இதில் சீரகத் தண்ணீர் இல்லை, ரகசியம் எதுவும் இல்லை.

எவ்வளவு குறைத்தால் போதும் எனின், கல்யாணச் சட்டை அளவுக்குக் குறைய வேண்டியதில்லை. அமெரிக்காவில் 2002-ல் முடிவு வெளியான நீரிழிவுத் தடுப்பு ஆய்வு, எடையில் 7 சதவீதம், வாரத்துக்கு 150 நிமிட நடை என்ற இலக்கை மட்டும் வைத்தது. சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. 80 கிலோ ஆளுக்கு அந்த 7 சதவீதம் ஆறு கிலோகூட இல்லை. சென்னையில் டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரையின் வாசலில் நின்ற 531 பேரைக் கொண்டு நடத்தி 2006-ல் வெளியிட்ட ஆய்வோ இன்னும் ஒரு படி மேல். தினசரி நடை, சர்க்கரையும் எண்ணெயும் குறைந்த தட்டு. மூன்றாண்டில் நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. இத்தனைக்கும் அவர்களின் எடையில் சொல்லிக்கொள்ளும் மாற்றமில்லை. தராசு அசையவில்லை என்று நடையை நிறுத்துவோர் இச்செய்தியைச் சுவரில் ஒட்டிவைக்கலாம்.

காப்போர் கைக்கொள்ளத்தக்கவை, நம் சமையலறைக்கு ஏற்பக் கூறின்:

பொரியலைச் சோறளவுக்கும் சோற்றைப் பொரியலளவுக்கும் மாற்றுக. தட்டில் பாதி காய், கால் பங்கு சோறோ சப்பாத்தியோ, கால் பங்கு பருப்பு, சுண்டல், முட்டை, மீன்.

மாதக் கடைசியில் காலியான எண்ணெய்ப் பாக்கெட்டுகளை எண்ணுக. ஆளுக்கு அரை லிட்டர் தாண்டினால் குற்றவாளி வாணலியில் இருக்கிறார்.

காபி, டீயில் சர்க்கரையைக் கரண்டி கரண்டியாக இறக்குக. நாளுக்கு நான்கு டம்ளர் குடிப்பவர் டம்ளருக்கு ஒரு கரண்டி விட்டாலே தினம் 80 கலோரி மிச்சம்.

வாரத்தில் இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுக்க: எடை தூக்கினாலும் சரி, நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தாலும் சரி. எடையோடு தசையும் கரைந்தால் உடலின் செலவு இன்னும் சுருங்கும்.

ஏழு மணி நேரம் தூங்குக. இரவு விழித்திருப்பவருக்குத்தான் பன்னிரண்டு மணிக்கு மிக்சர் டப்பா கண்ணில் படுகிறது.

ஒருநாள் தவறினால் அடுத்த வேளையிலேயே பாதைக்குத் திரும்புக. திங்கட்கிழமைக்குக் காத்திருத்தல் இவ்வியலில் விலக்கப்பட்டது.

7. புறனடை

இதுவரை கூறியவற்றில் அடங்காதோர் உளர். கர்ப்பிணிகளும் பாலூட்டுவோரும் வளரும் பிள்ளைகளும் எடை குறைக்கும் உணவுமுறைகளை டாக்டர் சொல்லாமல் தொடக் கூடாது. பருத்த பிள்ளையைப் பட்டினி போடுவதும் கேலி செய்வதும் மருத்துவமாகா. வீட்டுச் சமையல் மாறினால் பிள்ளையும் மாறும். தைராய்டு குறைவு, ஸ்டீராய்டு மாத்திரை, சினைப்பை நீர்க்கட்டி உள்ளோர் முதலில் அதற்கு வைத்தியம் பார்க்க வேண்டும். எந்த முயற்சியும் இல்லாமல் எடை தானாக இறங்கினால் மகிழ வேண்டாம். உடனே பரிசோதிக்க வேண்டும்.

இனி, எம்முறை நன்று என்று கேட்போருக்கு இந்நூலின் தீர்ப்பு. முறையின் பெயரைப் பார்க்க வேண்டாம், முதல் மாதக் கணக்கையும் பார்க்க வேண்டாம். இதையே ஐந்தாண்டு கழித்து வரும் ஆடியிலும் நான் செய்துகொண்டிருப்பேனா, அத்தை வீட்டுப் பந்தியிலும் இது செல்லுமா என்று கேட்டுப் பார்க்கவும். ஆம் என்றால் அது சாதாரண நடையானாலும் சரி, அரைக் கரண்டிச் சோறானாலும் சரி, நல்ல முறை. இல்லை என்றால் அது எவ்வளவு கிலோவை இறக்கினாலும் அத்தனையும் வட்டியோடு திரும்பும். வகை எதுவாயினும் இன்றைக்கே டேப்பை எடுத்து இடுப்பை அளந்து, 90-ஐயோ 80-ஐயோ தாண்டியிருந்தால் இந்த வாரத்துக்குள் ரத்தச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்துவிடுங்கள்.